திருப்படி தானம்: வெற்றியின் உச்சியில் ஒரு மன்னனின் பணிவு

தோல்வியுற்றவன் தெய்வத்தின் திருவடியை நாடுவதில் வியப்பில்லை. அவனுக்கு வேறு புகல் ஏது? பகைவரையெல்லாம் அடக்கி, பொக்கிஷம் நிரம்பி, எதிர்த்துப் பேசுவார் ஒருவரும் இல்லாத வேளையில், 'இஃது என்னால் ஆயிற்றன்று' என்று ஒருவன் சொல்லுவானாயின், அதனை அவன் மனமாரச் சொல்லுகிறானா, அவையோர் செவிக்காகச் சொல்லுகிறானா என்பதே ஆராய்தற்குரியது. அவன் உள்ளத்தை நாம் காண இயலாது. ஆயினும் அச்சொல், சொன்னவனையும் அவன் வழியினரையும் பின்னர் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்திற்று என்பதைச் சரித்திரத்திற் காணலாம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1750-ஆம் ஆண்டு ஜனவரியில் செய்த திருப்படி தானத்தை அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு நோக்குகிறேன்.

எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்னும் உள்நாட்டுப் பிரபுக்களின் பகைக்கு அஞ்சி இளமையில் ஒளிந்து திரிந்தவர் என்று மரபு கூறும் அவ்வரசர், 1729-இல் பட்டமேறியபோது, பின்னர்த் திருவிதாங்கூராக விரிந்த வேணாடு ஒரு சிற்றரசாகவே இருந்தது. இருபதாண்டுகளுக்குள், அப்பிரபுக்களின் வலியை ஒடுக்கி, 1741-இல் குளச்சற் கரையில் டச்சுக்காரரை முறியடித்து, அப்போரிற் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயைக் கொண்டே தம் சேனையைப் புதுமுறையிற் பழக்கி, கொட்டாரக்கரை, காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகளையும் தம் அரசோடு சேர்த்துக்கொண்டார். அந்த வளர்ச்சியின் உச்சியிலே, தாம் புதுப்பித்த திருவனந்தபுரத்துக் கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் தம் உடைவாளை வைத்து, ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாபனுக்கு ஓலை எழுதி ஸமர்ப்பித்து, அவ்வாளையே பெருமாளின் பிரஸாதமாகத் திரும்பப் பெற்று, அன்று முதல் பத்மநாப தாசராக நின்று ஆண்டார்.

இஃது அரசியல் தந்திரமே என்பார் வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. வாள்முனையிற் பெற்ற நிலத்துக்குப் பழைய உரிமை எதுவும் காட்ட இயலாது. வீழ்த்தப்பட்ட அம்பலப்புழை அரசரோ நம்பூதிரி அந்தணர்; அதனால் நேர்ந்த பழியும் ஒருபுறம் இருந்தது. நாடு தெய்வத்தின் உடைமையான பின்னர், அரசனை எதிர்ப்பவன் ஸ்வாமி துரோகியாகிறான். இந்த லாபங்களை மார்த்தாண்ட வர்மரைப் போன்ற கூர்மதியினர் அறியாதிருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் லாபம் இருந்தமையாலேயே பக்தி இல்லை என்று முடிவு கட்டுதல், மனித உள்ளத்தை ஒரே நூலால் நெய்த துணியாகக் கருதும் பிழையாகும். வெறும் தந்திரமாயின், ஆபத்து நீங்கியவுடன் அதன் பிடி தளர்ந்திருக்க வேண்டும். இங்கோ அது தளரவில்லை. திருவனந்தபுரத்தில் இருக்கும் நாட்களில் அரசர் கோயிலுக்குச் சென்று வணங்குதல் கடமையாயிற்று. தவறினால் தண்டம் செலுத்தும் வழக்கமும் நிலைத்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949-இல் இணைந்து சித்திரைத் திருநாள் மகாராஜா அப்புதிய மாநிலத்தின் தலைவராகிய ராஜப்பிரமுகராக வேண்டியிருந்தபோது, பத்மநாபனுக்குத் தாசனாக ஆண்டுவரும் தாம் வேறோர் உறுதிமொழி எடுத்தல் எங்ஙனம் என்று அவர் தயங்கியதனை, இந்திய அரசின் சார்பில் அவ்விணைப்பை நடத்திய வி.பி. மேனன் பதிவு செய்துள்ளார். ஏறக்குறைய இருநூறாண்டுகளுக்குப் பின்னும், எவ்வித அரசியல் நன்மையும் தாராத இடத்தில், அந்த ஓலை ஒருவரின் மனச்சாட்சியை நிறுத்தி வைத்ததென்றால், அதனை வெறும் நாடகம் என்று நான் எவ்வாறு கூறுவேன்?

எனினும் அத்தானம் ஒரு திசையில் குறைபட்டே நின்றது. அதனைக் கூறாது விடுதல் அம்மன்னர்பால் நான் கொண்ட மதிப்புக்கே இழுக்காகும். தாம் பெற்றது தம்முடையதன்று என்று தெய்வத்தின் முன் ஒப்பிய உள்ளம், தோற்றவர்முன் அவ்வளவு நெகிழவில்லை. பிள்ளைமார் குடும்பங்களுக்கு நேர்ந்ததாக மரபு சொல்லும் கொடுமை தானத்துக்கு முந்தியது எனலாம்; ஆனால் தானத்துக்குப் பின்னும் வடதிசைப் போர்கள் ஓயவில்லை. நாடு பெருமாளுடையதென்றால், அந்நாட்டுப் பகைவனும், வரி கொடுத்த உழவனும், வலை வீசிய பரவனும் பெருமாளுடையவர்களே என்ற முடிவு அந்த ஓலையிலிருந்து தானே விளைந்திருக்க வேண்டும். அரசர் தம் அகங்காரத்தை விட்டுக்கொடுத்தார். குலத்தின் அகங்காரமோ மண்டபத்துக்கு வெளியே அப்படியே நின்றது. கோயிலுக்குரிய மண்ணை உழுது, கோயிலின் பெயரால் வரி இறுத்தும், தாழ்ந்த குலத்தார் என்று வாயிலில் விலக்கப்பட்ட பெருந்திரளான மக்கள், தங்கள் அரசனாகிய அப்பெருமாளை உள்ளே சென்று காண்பதற்கு 1936 நவம்பர் 12 வரை, அதாவது வாளை வைத்த அந்நாளுக்குப் பின் நூற்றெண்பத்தாறு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அவர்களுக்குக் கோயிற் கதவைத் திறக்கும் பிரகடனத்தில் ஒப்பமிட்டவரும், பின்னர் உறுதிமொழிக்குத் தயங்கிய அந்தச் சித்திரைத் திருநாளேயாவர்.