மன்னர் போனார், மனு போனாரா? நேபாளப் புரட்சியும் தலித்துகளும்

2008 மே 28 இரவு, காத்மாண்டுவில் கூடிய நேபாள அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை ஒழித்து, நாட்டைக் குடியரசாக அறிவித்தது. ஆதரவாக 560 வாக்குகள், எதிராக வெறும் 4. பிரித்வி நாராயண் ஷா காத்மாண்டு பள்ளத்தாக்கைப் பிடித்ததிலிருந்து 240 ஆண்டுகள் நீடித்த ஷா வம்சம் ஒரே இரவில் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இரண்டு வாரங்களில் ஞானேந்திரா நாராயண்ஹிதி அரண்மனையை விட்டு வெளியேறினார். அந்த அரண்மனை இன்று அருங்காட்சியகம்.

இந்தப் புரட்சியைப் பற்றி ஊடகங்கள் சொல்லும் கதை நமக்குத் தெரியும். 2001இல் அரண்மனைக்குள் நடந்த படுகொலை, அதன்பின் மக்கள் விரும்பாத ஒருவர் மன்னரானது, அவருடைய அதிகார வெறி, கட்சிகளின் கூட்டணி, மக்கள் எழுச்சி. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதையில் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது: சாதி. நேபாள முடியாட்சி, சாதியைச் சட்டமாக எழுதி வைத்திருந்த அரசு. அதைப் பேசாமல் அந்த முடியாட்சி ஏன் விழுந்தது என்பதையும், விழுந்த பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதையும் புரிந்துகொள்ள முடியாது.

இதை இப்போது பேச வேண்டிய தேவை இருக்கிறது. 2025 மார்ச் மாதம் ஞானேந்திரா காத்மாண்டு விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, மன்னர் திரும்ப வேண்டும், இந்து நாடு திரும்ப வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் முழங்கினார்கள். குடியரசின் ஊழல் மீது மக்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் மன்னரோடு சேர்ந்து எது திரும்பி வரும் என்பதை முதலில் கேட்க வேண்டியவர்கள் தலித்துகள்.

சட்டப் புத்தகத்தில் சாதி

1846இல் கோட் படுகொலை வழியாக அதிகாரத்தைப் பிடித்த ஜங் பகதூர் ராணா, மன்னரைப் பொம்மையாக்கி, பிரதமர் பதவியைத் தன் குடும்பச் சொத்தாக்கினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சென்று திரும்பிய அவர், 1854இல் 'முலுகி ஐன்' என்ற நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நவீன நாடுகளைப் போல எழுதப்பட்ட சட்டம் வேண்டும் என்று நினைத்தவர், அந்தச் சட்டத்துக்குள் மனுவின் ஒழுங்கைத்தான் வைத்தார்.

அந்தச் சட்டம் நாட்டு மக்கள் அனைவரையும் ஐந்து அடுக்குகளில் நிறுத்தியது. உச்சியில் பூணூல் அணிவோர். அதன் கீழே அடிமையாக்கக் கூடாத 'மது அருந்துவோர்'. அதற்கும் கீழே அடிமையாக்கத்தக்க 'மது அருந்துவோர்'. நான்காவதாக, கையால் தண்ணீர் வாங்கக் கூடாது, ஆனால் தொட்டால் தீட்டில்லை என்று வகைப்படுத்தப்பட்டோர். அடியில், தண்ணீரும் வாங்கக் கூடாது, தொட்டால் நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று முத்திரை குத்தப்பட்டோர். இரும்பு வேலை செய்யும் காமி, தோல் வேலை செய்யும் சார்க்கி, தையலும் இசையும் செய்யும் தமாய், ஊர் ஊராகப் பாடும் காயினே முதலிய மக்கள் இந்தக் கடைசி அடுக்கில் தள்ளப்பட்டார்கள்.

குற்றம் ஒன்றாக இருந்தாலும், தண்டனை குற்றவாளியின் சாதியைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. மரண தண்டனைக்குரிய குற்றத்தைப் பார்ப்பனர் செய்தால் தலையை மழித்து, சாதியிறக்கம் செய்வதோடு உயிர் தப்பினார். பிற சாதியினருக்கு அந்தச் சலுகை இல்லை. யார் யாரோடு உண்ணலாம், யார் யாரோடு உறவு கொள்ளலாம் என்பதை அரசின் நீதிமன்றம் தீர்மானித்தது.

இந்தியாவில் சாதியை ஊர் வழக்கம், சமூகக் கட்டுப்பாடு என்று சொல்லித் தப்பிக்க ஆதிக்கச் சாதியினருக்கு எப்போதும் ஒரு வழி இருந்தது. நேபாளத்தில் அந்தத் திரைகூட இல்லை. அங்கே தீண்டாமை அரசின் நேரடிச் சட்டம். விஷ்ணுவின் அவதாரமாகப் போற்றப்பட்ட மன்னர் அந்தச் சட்டத்தின் முகம்.

இதற்குப் பின்னால் பொருளாதாரமும் இருந்தது. மலைக் கிராமங்களில் 'பாலிகரே' என்ற முறைப்படி, காமியும் தமாயும் ஆண்டு முழுதும் வேலை செய்துவிட்டு, அறுவடையின்போது மேல்சாதி வீடுகளில் கொடுக்கும் தானியத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நாட்டின் மேற்குப் பகுதியில் 'ஹலியா' முறை. வாங்கிய கடனுக்காகப் பண்ணையாரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் ஓட்ட வேண்டும். தெராய் சமவெளியில் முசகர் மக்கள் குடியிருக்கும் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. சட்டம் தீட்டு என்றது. அந்தத் தீட்டு, கூலியில்லாத உழைப்பை உறுதி செய்தது.

தலித்துகள் காத்திருக்கவில்லை

மன்னராட்சியை எதிர்த்த போராட்டம் 1990களில்தான் தொடங்கியது என்பதும் தவறு. 1947இலேயே பாக்லுங்கில் சர்வஜித் விஸ்வகர்மா 'விஸ்வ சர்வஜன சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ராணாக்களின் ஆட்சி 1951இல் வீழ்ந்தது. ஆனால் அதிகாரம் மன்னர் திரிபுவனிடமும் மேல்சாதித் தலைவர்களிடமும் போனது. 1854இன் சட்டம் அப்படியே இருந்தது. 1954இல் சகர்ஷநாத் கபாலி தலைமையில் தலித்துகள் பசுபதிநாதர் கோயிலுக்குள் நுழையப் போராடினார்கள். 'ஜனநாயகம்' வந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட நாட்டில் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

அந்த நாட்டுக்குத்தான் 1956 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் வந்தார். உலக பௌத்த மாநாட்டில், தன் மறைவுக்கு இரண்டு வாரங்களே இருந்த நிலையில், புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். இருவரின் நோக்கமும் ஒன்றுதான், வழிதான் வேறு என்பதும், மனிதரின் மனம் மாறாமல் பலத்தால் கொண்டுவரும் மாற்றம் நிலைக்காது என்பதும் அந்த உரையின் சாரம். அரை நூற்றாண்டு கழித்து நேபாளம் சந்தித்த கேள்வியும் இதுவே.

1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா, தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி. கொய்ராலா அரசைக் கலைத்தார், கட்சிகளைத் தடை செய்தார். 1962இன் அரசியல் சட்டம் நேபாளத்தை இந்து அரசு என்றது. 1963இல் புதிய முலுகி ஐன் வந்தது. அதில் சாதி அடுக்குகள் இல்லை. ஆனால் தீண்டாமையைக் கடைப்பிடிப்பவருக்குத் தண்டனையும் இல்லை. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் போட்டுக் காத்த ஒன்றை, ஒரு வரியை நீக்கியதால் ஒழித்துவிட்டதாக அரண்மனை சொல்லிக்கொண்டது.

1990இன் மக்கள் எழுச்சி மன்னர் வீரேந்திராவைப் பணிய வைத்தது. பல கட்சி ஆட்சி வந்தது. ஆனால் புதிய அரசியல் சட்டமும் நாட்டை இந்து முடியரசு என்றே அழைத்தது. தீண்டாமை குற்றம் என்றார்கள். கூடவே, கோயில்களின் பழைய வழக்கத்தைக் கடைப்பிடிப்பது பாகுபாடு ஆகாது என்று சட்டத்தில் ஒரு விலக்கையும் நுழைத்தார்கள். அதை உச்ச நீதிமன்றம்தான் செல்லாது என்றது. 1991 தேர்தலில் 205 உறுப்பினர் கொண்ட அவையில் ஒரே ஒரு தலித். 1994இலும் 1999இலும் ஒருவர்கூட இல்லை.

1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் ஆயுதப் போரைத் தொடங்கியபோது ரோல்பாவிலும் ருக்குமிலும் அவர்கள் பின்னால் ஏன் மக்கள் போனார்கள் என்பதற்கு இதுதான் விடை. போருக்கு முன் அவர்கள் வைத்த 40 கோரிக்கைகளில் மதச்சார்பற்ற அரசும் தீண்டாமை ஒழிப்பும் இருந்தன. மற்ற கட்சிகள் அதுவரை அதை ஆட்சி அதிகாரத்தின் கேள்வியாக வைத்ததில்லை. தலித் இளைஞர்களும் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். விலையும் கொடுத்தார்கள். பட்டறை வைத்திருந்த காமி மக்களை, ஆயுதம் செய்து கொடுத்ததாகச் சொல்லி ராணுவம் பிடித்தது. செய்ய மறுத்தால் மாவோயிஸ்டுகள் விடவில்லை. பத்தாண்டுப் போரில் 13,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

2001 ஜூன் 1 அரண்மனைப் படுகொலை, விஷ்ணு அவதாரம் என்ற கதையை உடைத்தது. 2005 பிப்ரவரி 1 அன்று ஞானேந்திரா முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தது, கட்சிகளை மாவோயிஸ்டுகளோடு சேர வைத்தது. 2006 ஏப்ரலில் 19 நாட்கள் தெருவில் நின்ற மக்கள், மன்னரை மண்டியிட வைத்தார்கள்.

கிடைத்தவை

புரட்சியால் தலித்துகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வது, போராடி மாண்டவர்களை அவமதிப்பதாகும். 2006 மே மாதம் நாடாளுமன்றம் நேபாளத்தை மதச்சார்பற்ற நாடாக அறிவித்தது. ஜூன் 4 அன்று தீண்டாமையற்ற நாடாக அறிவித்தது. 2008இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையில் 50 தலித்துகள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பூஜ்யமாக இருந்த எண் இது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹலியாக்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2011இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது இடத்தில் மட்டுமின்றி வீட்டுக்குள் நடக்கும் பாகுபாட்டையும் குற்றமாக்கியது. 2015 அரசியல் சட்டம் தலித் உரிமைகளுக்கென்றே ஒரு பிரிவை வைத்து, நிலமற்ற தலித்துகளுக்கு அரசு நிலம் தர வேண்டும் என்றது. 2017 உள்ளாட்சித் தேர்தலில், ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் என்ற சட்ட விதியால் 6,500க்கும் அதிகமான தலித் பெண்கள் பதவிக்கு வந்தார்கள். மன்னர் ஆண்ட நேபாளத்தில் இது கற்பனையிலும் நடந்திருக்காது.

கிடைக்காதவை

2022 நாடாளுமன்றத் தேர்தலில் 165 நேரடித் தொகுதிகளில் வென்ற தலித் ஒரே ஒருவர். மக்கள் தொகையில் தலித்துகள் சுமார் 13 விழுக்காடு. மன்னர் இருந்த 1991இலும் ஒருவர், மன்னர் இல்லாத 2022இலும் ஒருவர். விகிதாசாரப் பட்டியல் இருப்பதால்தான் மற்ற தலித்துகள் அவைக்குள் வர முடிகிறது. பொதுத் தொகுதியில் தலித்தை நிறுத்த எந்தக் கட்சிக்கும் மனமில்லை.

'மதச்சார்பின்மை' என்ற சொல்லுக்கு 2015 அரசியல் சட்டம் தரும் விளக்கத்தில், தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் பாதுகாப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது, வாசல் வழியே வெளியேற்றிய சனாதனம் சன்னல் வழியே வந்து அமர்ந்திருக்கிறது. பசு தேசிய விலங்காகத் தொடர்கிறது.

நிலம் இன்னும் வரவில்லை. விடுவிக்கப்பட்ட ஹலியாக்களில் பலர், நிலமும் வேலையும் இல்லாமல் பழைய பண்ணையாரிடமே திரும்பினார்கள். 2020 மே மாதம், மேற்கு ருக்குமில், ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்த ஒரு தலித் இளைஞரும் அவருடன் சென்ற நண்பர்களுமாக ஆறு பேரை ஊர் கூடித் துரத்திக் கொன்றது. உடல்கள் பேரி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டன. புரட்சியின் கோட்டை என்று பெயர் பெற்ற ருக்கும் மண்ணில் நடந்தது இது. 2023 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குடியரசு இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பும் வந்திருக்காது. ஆனால் அந்தக் கொலையைக் குடியரசால் தடுக்க முடியவில்லை.

ஏன் இப்படி? புரட்சி மன்னரை நீக்கியது. மன்னரின் கீழ் இருந்த எதையும் அது நீக்கவில்லை. ராணுவம், காவல்துறை, நீதிமன்றம், செயலகம், பத்திரிகை, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பாகுன், செத்ரி சாதிகளின் பிடி அப்படியே இருந்தது. மாவோயிஸ்ட் கட்சியின் உச்சியில் இருந்த பிரசண்டாவும் பாபுராம் பட்டராயும்கூட பார்ப்பனக் குடும்பங்களில் பிறந்தவர்கள்தான். போர்க்களத்தில் முன்வரிசையில் நின்ற தலித், பேச்சுவார்த்தை மேசையில் கடைசி நாற்காலிக்குப் போனார். நிலச் சீர்திருத்தம் அறிக்கைகளோடு நின்றுவிட்டது.

மன்னர் திரும்பினால் இந்தக் குறைகள் தீரும் என்று சொல்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். குடியரசு தலித்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. முடியாட்சியோ அப்படி ஒரு வாக்கைக் கொடுத்ததே இல்லை. காப்பாற்றாத வாக்கைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போகலாம், தெருவுக்கு வரலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். கடவுளின் அவதாரத்திடம் யார் கணக்குக் கேட்பது?

இந்தியாவில் இந்து ராஷ்டிரம் பேசுவோர், உலகின் ஒரே இந்து நாடு என்று நேபாளத்தை நீண்ட காலம் கொண்டாடினார்கள். அந்த இந்து நாட்டின் சட்டப் புத்தகத்தில் நாம் ஐந்தாவது அடுக்கில் இருந்தோம் என்பதை நாம் மறக்கக் கூடாது. கூடவே, மாற்றத்துக்காகப் போராடும் நம் தோழர்களும் நேபாளத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அரியணையை அகற்றுவதற்கு 19 நாட்கள் போதும். நிலம், தலைமை, மணவாழ்வு ஆகிய மூன்றிலும் சாதி உடையாத வரை, அந்த அரியணையின் கால்கள் ஊருக்குள் ஊன்றியபடியே இருக்கும். நேபாளத் தலித்துகள் தொடரும் போராட்டம் அந்தக் கால்களைப் பிடுங்குவதற்கானது. அது நம் போராட்டமும்தான்.