மலை நகர்ந்த வழியே நதி நடந்தது

கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று நோக்குவோர்க்கு மலை என்பது கேள்விப்பட்ட பொருளேயன்றிக் கண்ட பொருளன்று. கிழக்கே ஆழம் குறைந்த பாக் கடல். மேற்கே மணலும் வண்டலும். ஆயினும் அவ்வூர் வீடுகளில் அம்மி உண்டு, ஆட்டுக்கல் உண்டு, அடக்கத்தலத்தில் மீஸான் கற்கள் உண்டு. அக்கருங்கற்கள் யாவும் உள்நாட்டு மலைகளிலிருந்து வண்டியேறி வந்தவை. அவ்வாறு வந்த கல்லின் பூர்வீகத்தைச் சற்றே விசாரிப்பது இக்கட்டுரையில் நம் நோக்கமாகும்.

இத்தகைய விசாரணை நம் முன்னோர்க்குப் புதியதன்று. மலைகள் தோன்றுவதற்கு நிலநடுக்கத்தால் தரை உயர்வதும், நீர் மண்ணை அரித்துச் செல்வதும் காரணங்கள் என இப்னு ஸீனா எழுதினார். கி.பி. 1030-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை யாத்த அல்பிரூனி, மலையடியில் கற்கள் பெரியனவாகவும், தொலைவில் சிறியனவாகவும், நதிகள் கடலை அணுகுமிடத்தில் மணலாகவும் இருப்பதைக் கண்டார். வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என்ற முடிவுக்கு வந்தார். கோட்டைப்பட்டினத்து மணலைக் கையில் அள்ளுபவர் அப்பேரறிஞரின் பாடத்தின் கடைசி வரியைக் கையில் வைத்திருக்கிறார் எனலாம்.

அப்பாடத்தின் முதல் வரி மலையில் இருக்கிறது. அதனைப் படிக்கும் முயற்சி நம் நாட்டில் முறையாகத் தொடங்கியது, 1851-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நிறுவப்பட்ட பின்னரே. சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறை அமைப்பைப் பற்றி வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் 1864-இல் ஆய்வுரை வெளியிட்டனர். பின்னர் வந்த தாமஸ் ஹாலந்து, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்தார். கல்கத்தாவில் அடங்கியுள்ள ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல்லும் அதே இனத்தது எனக் கண்டு, 1893-இல் அப்பாறைக்குச் 'சார்னோகைட்' எனப் பெயரிட்டார். ஒரு மீஸான் கல்லே தென்னாட்டுப் பாறையொன்றுக்கு உலகப் பெயர் தேடித் தந்தது! நீலகிரியின் பெரும்பகுதியும் இப்பாறையால் ஆனதே.

மலை அசையாதது என்பது வழக்கு. ஆனால் பாறைகளைக் கூர்ந்து நோக்கியவர்கள் அவை நகர்ந்திருப்பதைக் கண்டனர். நிலத்தின் மேற்பகுதியில் பாறை குளிர்ந்து இறுகியிருப்பதால், இருபுறமும் எதிரெதிர்த் திசைகளில் விசை தாக்கும்போது அது முறிகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழேயோ வெப்பம் முந்நூறு பாகை சென்டிகிரேடைத் தாண்டிவிடுகிறது. அங்கே பாறை உருகுவதில்லை, முறிவதுமில்லை, திண்மமாக இருந்தபடியே, பிசைந்த மாவை இழுத்தாற்போல, மிக மெல்ல இழுபடுகிறது. இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று கடந்து செல்ல, இடைப்பட்ட பட்டை மட்டும் அந்த நகர்ச்சி முழுவதையும் தாங்கி உருக்குலைகிறது. இப்பட்டையையே 'ஷியர் ஸோன்', அதாவது சறுக்குப்பெயர்ச்சி மண்டலம், என்பர்.

வெற்றிலைக் கவுளியொன்றைத் தட்டில் வைத்து மேலிருந்து ஒருபுறமாகத் தள்ளினால் ஒவ்வோர் இலையும் அடுத்ததன்மேல் சிறிதளவு வழுக்குகிறது. பட்டையினுள் பாறையும் அவ்வாறே இலை இலையாகிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் நாடாக்களாக நீள்கின்றன. எளிதில் இளகாத ஃபெல்ஸ்பார் மணிகள், மாவில் அகப்பட்ட முந்திரிப் பருப்புப்போல உருண்டு, கண் வடிவம் பெற்று, இருபுறமும் வால் விடுகின்றன. அவ்வால்கள் வளைந்திருக்கும் பாங்கைக் கொண்டே எப்பக்கம் எத்திசையில் சென்றதென அறிஞர் கூறிவிடுவர்.

இவ்வாறு உருமாறிய பாறைக்கு 1885-இல் சார்லஸ் லாப்வொர்த் 'மைலோனைட்' எனப் பெயரிட்டார். திரிகை எனும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வட ஸ்காத்லாந்தில் அவர் கண்ட பாறை திரிகையில் அரைபட்டதுபோல் இருந்ததே காரணம். அது பெரும்பாலும் அரைபட்டதன்று, இழுபடும்போதே பழைய மணிகள் சிதைந்து நுண்மணிகளாகப் புதிதாய்ப் படிகமானது என்பது பிற்கால ஆய்வில் தெளிவாயிற்று. 1970-இல் ஜான் ராம்சே, கிரகாம் ஆகிய இருவர், பட்டையினுள் இலையடுக்கு வளையும் அளவைக் கொண்டு பாறை எவ்வளவு தொலைவு நகர்ந்ததெனக் கணக்கிடும் வழியையும் காட்டினர்.

நம் தமிழகத்திலோ இப்பட்டைகள் மிகப் பெரியவை. தரையில் நடந்து சென்றவர்க்குத் துண்டுதுண்டாகத் தென்பட்டவை, வானிலிருந்து நோக்கியபோது ஒரே கோடாகத் தெரிந்தன. 1972-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையின் படங்களைக் கொண்டு டிரூரி, ஹோல்ட் என்போர் 1980-இல் தென்னிந்தியாவின் அமைப்பை விளக்கினர். நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பட்டை. தெற்கே பவானிப் பட்டை. அதற்கும் தெற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கு நோக்கி வரும் பாலக்காடு–காவிரிப் பட்டை. தென்கோடியில் அச்சன்கோவில் பட்டை. இன்று உச்சியில் குளிர்காற்று வீசும் நீலகிரியின் பாறைகள் இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் வெந்தவை என்பதை அவற்றின் தாதுக்களே சான்று கூறுகின்றன. அவை மேலே வந்ததில் இப்பட்டைகளுக்கும் பங்குண்டு.

நீலகிரிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பாலக்காடு–காவிரிப் பட்டையிலோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கொந்தளிப்பின் முத்திரையும் பதிந்துள்ளது. கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுகூடிய காலம் அது. இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அன்று அண்டை வீட்டார். இடையே கிடந்த கடலொன்று மூடி, இரு நிலங்கள் தைக்கப்பட்ட தையலே இப்பட்டை என்பது ஒரு சாரார் கொள்கை. இருபுறமும் ஒத்த பாறைகளே உள்ளன, ஆகவே இது தையலன்று என்பது மறுசாரார் வாதம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

இவையெல்லாம் கடலோரத்து மக்களாகிய நமக்கு எதற்கு என வாசகர் வினவலாம். நதிகளைப் பாருங்கள். இழை பிரிந்த பாறையையும், பிற்காலத்தில் அதன் வழியே விழுந்த வெடிப்புகளையும் நீர் எளிதில் அரிக்கிறது. மாயாறு தன் பட்டையைப் பற்றியே ஆழ்பள்ளத்தில் நேராக ஓடுகிறது. பவானியும் நீலகிரியின் தென்னடியில் தன் பட்டையையே தொடர்கிறது. இரண்டும் கூடுமிடத்தில் 1955-இல் பவானிசாகர் அணை எழுந்தது. பின்னர்ப் பவானி காவிரியில் கலக்க, காவிரியும் கிழக்கே திரும்பி, தன் பெயர் தாங்கிய பட்டையினூடே கல்லணைக்கு வருகிறது. மேட்டூர் அணை நிறைவுற்ற 1934-இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய், அந்நீரை அறந்தாங்கிப் பகுதிவரை கொண்டுவருகிறது. கடைமடை என்று நாம் ஏக்கத்தோடு கூறும் அவ்வயல்களில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் ஆண்டில், மலை பட்ட காயத்தின் வழியே நமக்குச் சோறு வருகிறது.

இவ்வரலாற்றின் ஏடுகள் எவை? சாலையோரப் பாறையும், ஆற்றுப்படுகைத் திட்டும், ஊர்ப்புறக் குன்றுமேயாகும். இன்று அவை சல்லியாகவும் அரவைமணலாகவும் நாள்தோறும் நொறுங்குகின்றன. வீடு கட்டக் கல் வேண்டாமென நாம் கூறவில்லை. நம் பள்ளிவாசல்களும் கல்லின்றி எழவில்லை. எனினும், தையலா அன்றா என்ற வழக்கைத் தீர்க்கவல்ல பாறை ஒன்று தீர்ப்புக்கு முன்பே பொடியானால், அதனை மீண்டும் எழுதுவார் இல்லை. ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய சமுதாயம் நாம். கல்லில் இருந்த சுவடியையும் அவ்வாறே இழக்க வேண்டுமா? இன்னின்ன பாறைகள் உளிக்கு விலக்கு எனச் சிலவற்றையேனும் ஒதுக்கிவைத்தல் பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று.

அடுத்த முறை அடக்கத்தலத்தில் மீஸான் கல்லின்முன் நிற்கும்போது, அதன் பக்கவாட்டைச் சற்றே உற்று நோக்குங்கள். கருமையும் வெண்மையுமாய் மெல்லிய வரிகள் ஓடியிருக்கக்கூடும். மனிதனின் பெயர் பொறிக்கப்படுமுன்பே அக்கல்லில் எழுதப்பட்ட எழுத்து அது.