டிரோபர்ட், ஹாமர் (1922–1992)

நவூரு குடியரசின் முதல் குடியரசுத் தலைவர். ஆசிரியராக இருந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் நவூருவர் பலருடன் டிரக் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். 1950களில் உள்ளாட்சி மன்றத் தலைவரானார். பாஸ்பேட் சுரங்கங்களால் சிதைந்த தீவிலிருந்து மக்களை ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் தீவுக்குப் பெயர்க்கும் திட்டத்தை, அங்கு இறையாண்மை கிட்டாது என்பதால், 1964இல் இவரது தலைமை ஏற்க மறுத்தது. பாஸ்பேட் தொழிலை நவூருவரே விலைக்கு வாங்க 1967இல் உடன்பாடு ஏற்பட்டது. இவரது பணிகளில் முதன்மையானது இதுவே எனலாம். 1968 ஜனவரி 31இல் நாடு விடுதலை பெற்றது. 1976இல் பெர்னார்ட் டோவியோகோவிடம் பதவியிழந்து 1978இல் மீண்டார். 1986இன் சிறு இடைவெளிகள் நீங்கலாக 1989 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழும்வரை ஆண்டார். அவ்வாண்டு மே மாதம் சுரங்கச் சேதத்துக்காக ஆஸ்திரேலியா மீது அனைத்துலக நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு, இவர் மறைந்தபின் 1993இல் நீதிமன்றத்துக்கு வெளியே இழப்பீட்டுடன் தீர்ந்தது.