கடவுள் ஆணா, பெண்ணா? கிறிஸ்தவம் சொல்வதும் தமிழ் சொல்வதும்

திருகோணமலை சுவாமி மலையில் கோணேசுவரர் மாதுமை அம்பாளுடன் வீற்றிருக்கிறார். நகரின் பள்ளிவாசல்களில் தொழுவோர், அல்லாஹ்வுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்று நம்புகின்றனர். புனித மரியாள் பேராலயத்திலும் மெதடிஸ்த ஆலயத்திலும் கூடுவோர் கடவுளைப் ‘பிதாவே’ என்று அழைக்கின்றனர். அப்படியானால் கிறிஸ்தவர்களின் கடவுள் ஆணா?

இல்லை என்பதே திருச்சபைகளின் போதனை. கடவுள் ஆவியாயிருக்கிறார் என்கிறது யோவான் 4:24. உடல் இல்லாதவருக்குப் பால் இல்லை. ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதாக ஆதியாகமம் 1:27 கூறுகிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடவுள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர் என 239ஆம் பத்தியில் தெளிவாகவே சொல்கிறது.

தாயும் உண்டு

‘பிதா’ என்பது உறவைக் குறிக்கும் சொல். இயேசு கடவுளை அப்படி அழைத்ததால் அது நிலைத்தது. ஆனால் வேதாகமத்தில் தாயின் உருவகங்களும் இருக்கின்றன. ஏசாயா 66:13இல் கடவுள், பிள்ளையைத் தேற்றும் தாயைப் போல் பேசுகிறார். லூக்கா 15இல் தொலைந்த காசைத் தேடும் பெண் கடவுளுக்கு உவமையாகிறாள். கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடவும் தாய் என்ற கருத்தைத் திருத்தந்தை முதலாம் யோவான் பவுல் 1978 செப்டெம்பரில் வெளியிட்டார்.

மரியாள் இந்தத் தாய்மைக்கு ஈடாக வைக்கப்பட்ட பெண் தெய்வம் அல்லர். கத்தோலிக்கர் மாதாவை வணங்கிப் பரிந்துரை கேட்கின்றனர். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. இயேசு ஆணாகப் பிறந்தார் என்பது உண்மை. அது அவரது மனித இயல்பைச் சார்ந்தது.

தமிழ் என்ன செய்கிறது?

புரட்டஸ்தாந்தர் பரவலாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ என்ற சொல் வருகிறது. அது ஆண்பால் ஈறு கொண்டது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. இச்சொல்லில் பால் காட்டும் ஈறு இல்லை. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனப் பால் ஈறு இல்லை என்று தொல்காப்பியமும் கூறுகிறது. எபிரேயத்தில் ‘ஆவி’ பெண்பால், கிரேக்கத்தில் அலிப்பால். தமிழில் அஃறிணைச் சொல்லான அதை, நம் சபைகள் ‘ஆவியானவர்’ என்று மரியாதையோடு சொல்கின்றன.

கடவுளை ஆண்பாலில் சுட்டுவதைத் தவிர்க்கலாமா என்று இங்கிலாந்துத் திருச்சபை 2023இல் ஆராய முற்பட்டது. தமிழுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ‘அவர்’ என்பது ஆசிரியரையும் குறிக்கும், ஆசிரியையையும் குறிக்கும்.

ஏன் இது முக்கியம்?

கடவுள் ஆண் என்ற எண்ணம், ஆணே கடவுளுக்கு நெருக்கமானவன் என்ற எண்ணத்துக்கு எளிதில் இட்டுச் செல்லும். பெண்கள் பீடத்தில் நிற்பதை எதிர்ப்போர் சிலர் இதையே காரணம் காட்டுவதுண்டு. கத்தோலிக்க திருச்சபை பெண்களைக் குருக்களாக்குவதில்லை. ஆனால் அது சொல்லும் காரணம், இயேசு ஆண்களையே அப்போஸ்தலராகத் தெரிந்தெடுத்தார் என்பதாகும். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை 2006இல் பெண்களைக் குருக்களாக அருட்பொழிவு செய்தது. மெதடிஸ்த திருச்சபையிலும் பெண் போதகர்கள் உள்ளனர்.

தந்தையிடம் அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்குப் ‘பிதாவே’ என்று தொடங்கும் செபம் கடினமாக இருக்கலாம். அந்தப் பிள்ளை தாயை நினைத்துச் செபித்தாலும் வேதாகமத்துக்கு வெளியே போய்விடவில்லை.