கடித்துக் குடித்த தேநீர்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில், இனிப்பைப் பானத்திலே கரைத்துவிடாமல், பனங்கட்டித் துண்டொன்றை வாயிலிட்டுச் சிறுகச் சிறுகக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரை மிடறு மிடறாகப் பருகிவந்த வழக்கம் வறுமையினால் மாத்திரமே பிறந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராக்கியதற்கு வெகுகாலம் முன்பே பனையின் இனிப்பு வடபிரதேசத்தில் வீட்டுப் பண்டமாக இருந்தது. தேநீர்தான் பின்னால் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது.

உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் புளிக்காமல் இறக்கிய கருப்பணி என்னும் பனஞ்சாற்றைப் பாகு பதம் வரும்வரை காய்ச்சி, பனையோலையில் இழைத்த சிறு குட்டான்களில் வார்த்து ஆறவிடுவார்கள். என் அப்பாச்சி அந்தக் குட்டானின் ஓலையைப் பிரித்து, பாக்குவெட்டியால் புளியங்கொட்டையளவு துண்டொன்றை நறுக்கி என் உள்ளங்கையில் வைப்பார். ஒரு மூக்குப்பேணித் தேநீருக்கு அது ஒன்றுதான். முதல் மிடற்றிலேயே அதை மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்டு தாங்கோ அப்பாச்சி" என்று கை நீட்டினால், "உது காணும், மோனை" என்பதே எப்போதும் பதில். ஆகவே கடைசி மிடறுவரை அதைக் காத்துவைக்கும் வித்தையை ஐந்து வயதிலேயே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இறக்குமதிச் சீனி மலிந்தபோது கரண்டி வந்தது. கரண்டியோடு, எவ்வளவு தின்கிறோம் என்பதைக் கண்ணால் காணும் வசதி போயிற்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டிலும், 1990களில் வடக்கின்மீது இருந்த போர்க்காலப் பொருளாதாரத் தடையிலும் சீனி அருமையானபோது பனங்கட்டி மீண்டும் கைக்கு வந்தது. பாதைகள் திறந்ததும் கரண்டியே வென்றது.

பனங்கட்டியை மருந்தென்று புகழ்வது நியாயமன்று. அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நீரிழிவுக்காரருக்கு அதனால் விசேஷ சலுகை ஏதுமில்லை. நான் போற்றுவது அந்தப் பண்டத்தையன்று, இனிப்பைப் பேணிக்கு வெளியே நிறுத்தி, நாவுக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்ட அந்த ஒழுங்கை. 2016இல் இலங்கையில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி கொண்ட மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு அடையாளம் இடும் விதி வந்தது. வீட்டுத் தேநீருக்கு அடையாளமிட எவரும் வரப்போவதில்லை. ஆகையால், நாளைக் காலையில் ஒரு தடவையாவது சீனியைப் பேணியில் இடாமல் உள்ளங்கையில் வைத்துக் குடித்துப் பாருங்கள்.