கொசுவின் மேல் விழுந்த பழி

1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். முதலில் காய்ச்சலும் தலைவலியும். பிறகு தூக்கக் கலக்கம், குழப்பம், சிலருக்கு வலிப்பு. கடைசியில் நினைவு தப்பிவிடும். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள்.

சிலருடைய இரத்தத்தைச் சோதித்ததில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அடையாளம் தெரிந்தது. நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்தான். பன்றியின் உடம்பில் கிருமி பெருகும், கொசு அதை மனிதனிடம் கொண்டுவந்து சேர்க்கும். பண்ணையும் இருக்கு, கொசுவும் இருக்கு, இரத்தச் சோதனையும் சொல்லுது. காரணம் கிடைச்சாச்சு.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அந்தக் காரணத்தின் பின்னால்தான் போயின. கொசுப்புகை அடித்தார்கள். பன்றிகளுக்குத் தடுப்பூசி, மனிதர்களுக்கும் தடுப்பூசி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் இனிப் பயமில்லை என்று மறுபடியும் கொட்டகைக்குள் போனார்கள். சாவு நிற்கவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் கணக்கு ஆரம்பத்திலிருந்தே உதைத்திருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகத் தாக்குவது சிறுவர்களை. இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள். அந்தக் கிருமி தொற்றினாலும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். இங்கே ஒரே வீட்டில், ஒரே பண்ணையில் இரண்டு மூன்று பேர் படுத்தார்கள். கொசு இனம் பார்த்துக் கடிக்காது. ஆனால் பக்கத்திலேயே குடியிருந்து பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்றிகளே நோயில் கிடந்தன. அவை இருமும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது. இது கொசுவால் வந்தது மாதிரித் தெரியலையே என்ற சந்தேகம் பண்ணைக்காரர்களுக்கு இருந்தது. ஆனால் பத்திரத்தில் ஏறிய பெயர் சீக்கிரம் இறங்குவதில்லை.

இதற்கிடையே பேராக்கில் பயந்துபோனவர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். லாரிகளில் ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே இறங்கியது. 1999 தொடக்கத்தில் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகள் சிக்கின. நோயாளிகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் கட்டத்தில் விழுந்தவர்கள். லாரி போவதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தேடிக்கொண்டிருந்தது கொசுவை அல்லவா?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து கிருமியை வளர்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய கூட்டங்களாக ஆகியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் வேலை போல அது இல்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அவரே அமெரிக்காவுக்குப் போனார். அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது வேறொரு குடும்பத்துக் கிருமி. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நெருங்கிய உறவு. நோயாளியின் ஊர்ப் பெயரையே வைத்து அதை நிப்பா என்றார்கள்.

பெயர் மாறியதும் வேலையும் மாறியது. கொசுப்புகை போய் இராணுவம் வந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சில மாதங்களில் நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயில் விழுந்து 105 பேர் இறந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். இயற்கையில் இந்தக் கிருமியைச் சுமப்பவை பழந்தின்னி வௌவால்கள் என்பது பின்னால் தெரியவந்தது.

யாரும் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் முதலில் தோன்றிய காரணத்தைப் படிவத்தில் எழுதிவிட்டு எல்லோரும் அதையே பழுது பார்ப்போம். அது மறுபடி நிற்கும். அந்தத் தவறுதான் இங்கேயும். ஆனால் இங்கே ஒவ்வொரு முறை நின்றதும் ஓர் உயிர்.

இதுவாவது மருத்துவமனையில், சோதனைக்கூடம் பார்த்த மரணம். வீட்டில் நடக்கும் மரணம்? நம் புள்ளிவிவரத் துறை மரணங்களை மருத்துவர் சான்றளித்தவை, சான்றளிக்காதவை என்று இரண்டாகப் பிரித்தே வெளியிடுகிறது. இரண்டாவது வகையில் முன்னால் நிற்கும் காரணம் முதுமை. வீட்டார் பாலாய்க்குப் போய்ச் சொன்னதுதான் பத்திரத்தில் ஏறி வந்தது.

வீட்டார் வாய்வார்த்தையை வைத்து உண்மையை நெருங்க முடியாது என்றில்லை. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். இந்தியாவில் 'பத்து இலட்சம் மரணங்கள்' ஆய்வில் வீடு வீடாகப் போய், எத்தனை நாள் காய்ச்சல், மூச்சுத் திணறல் இருந்ததா என்று விசாரித்து எழுதினார்கள். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் சொன்னார்கள். பாம்புக்கடியால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் சாகிறார்கள் என்று 2011இல் அந்த வழியில்தான் தெரிந்தது. மருத்துவமனைக் கணக்கைவிட அது பல மடங்கு. வயலிலும் வீட்டிலும் செத்தவர்கள் அதுவரை கணக்கிலேயே இல்லை.

என் தாத்தா வீட்டில்தான் இறந்தார். பாலாயில் காரணம் கேட்டபோது "சாக்கிட் துவா" என்று சொன்னவன் நான்தான். கடைசி மூன்று வாரம் அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார், கால் வீங்கியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அப்பாவுக்கும் கால் வீங்குகிறது. டாக்டர், "குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் இருந்ததா?" என்று கேட்டார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் சொன்னதுதான் இருந்தது.