வட்டுக்கோட்டையில் வளர்ந்த மனங்கள்

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகள் ஆயத்தமாக இருக்கும். அறிவுக்கண் திறந்த இடங்கள் என்பர் ஒரு சாரார். மதமாற்றத்துக்கு விரித்த வலை என்பர் மறுசாரார். இவ்விரு சாராரும் அங்கே படித்த மாணவரை மறந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம். இளம் வயதில் வீட்டைவிட்டு வந்து, விடுதியில் வளர்ந்து, வாலிபனாக வெளியேறிய பிள்ளையின் மனத்திலே நிகழ்ந்தது என்ன? இதனை அறிய வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு நமக்கு உதவும்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் இதனை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். கல்லூரி என்ற பெயரையே அவர்கள் விரும்பினர். ஆங்கில அரசு அதற்கு இணங்காமையால் செமினரி என்ற பெயர் நிலைத்தது. வேதாகமத்தோடு ஆங்கிலம், தமிழ் இலக்கணம், கணிதம், வானியல் என்பனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. மிசன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ணத் தயங்கிய சைவப் பிள்ளைகளுக்காகத் தொடக்கத்தில் பக்கத்து வளவில் அடுப்பு மூட்டவேண்டியிருந்தது. செலவை ஏற்ற அமெரிக்க அன்பர்களின் பெயர்கள் பிள்ளைகள் பலருக்குச் சூட்டப்பட்டன. சோற்றுக்கு ஓர் உலகம், பெயருக்கு இன்னோர் உலகம் என்றே அவர்கள் வளர்ந்தார்கள்.

1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்ததற்கும் பூவர் கணித்ததற்கும் வேறுபாடு காணப்பட்டது. கிரகணம் வந்தபோது பூவரின் கணிப்பே பொருந்தியது. பழைய நம்பிக்கை தளரவேண்டும் என்பது மிசனரிமாரின் எதிர்பார்ப்பு. ஆனால் ஏட்டில் உள்ளதையும் சோதித்துப் பார்க்கலாம் என்று கற்ற மாணவன் ஒரு சமயத்தின் ஏட்டோடு மட்டும் நின்றுவிடுவானா?

நின்றுவிடவில்லை என்பதற்கு மூவரைச் சான்றாகக் காட்டுவேன்.

கரோல் விசுவநாதபிள்ளை முதலாமவர். தமிழிலே வீசகணிதம் எழுதியவர். ஆறுமுக நாவலரின் சைவ தூஷண பரிகாரம் 1854இல் வெளிவந்த பின்னர், அதற்கு மறுப்பாகச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதியவரும் இவரே. அத்தகையவர் பின்னாளில் சைவத்திற்கு மீண்டார்.

இரண்டாமவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்தவர். சைரஸ் கிங்ஸ்பரி என்ற பெயரைத் தாங்கியவர். விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார். அவரும் பின்னர் சைவரானார். எனினும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் பயிற்சியை அவர் கைவிடவில்லை. 1881இல் வீரசோழியமும் 1887இல் கலித்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. வீரசோழியம் பௌத்தச் சார்புடைய இலக்கணம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாமவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர். 1841இல் செமினரி மாணவர் இருவரை ஆசிரியராகக் கொண்டு தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையைப் பின்னாளில் நடத்தியவர். 1886இல் அவர் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் நானூறுக்கும் மேற்பட்ட புலவர்களின் வரலாற்றைத் தருகிறது. அவர்களுட் பெரும்பாலோர் அவருடைய சமயத்தவர் அல்லர். ஆயினும் அவர்களைத் தம் முன்னோராகவே அவர் போற்றினார்.

இருவர் மீண்டனர், ஒருவர் நிலைத்தார். இவர்களுள் எவர் வென்றார், எவர் தோற்றார் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. பிறர் கொடுத்த பெயரையும் பிறர் கொடுத்த நம்பிக்கையையும் வளர்ந்த வயதிலே தாமே எடுத்து எடைபோட்டுப் பார்த்தவர்கள் மூவரும். மாறாது நின்றவருக்கும் அந்த எடைபோடுதல் இருந்திருக்கவேண்டும். இல்லையேல் புலவர்களின் வரலாற்றை அத்தகைய பரிவோடு எழுதியிருக்கமாட்டார்.

அமெரிக்கச் சபையோ வேறு கணக்குப் பார்த்தது. அதன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் இங்கு வந்தார். ஆங்கிலக் கல்வி இளைஞரைத் திருப்பணிக்கு அன்றி உத்தியோகத்துக்கே ஆயத்தப்படுத்துகிறது என்ற முடிவு எடுக்கப்பட்டது. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்று நிலைத்தனர் என்று எண்ணியவர்களுக்கு அது நட்டமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் அதனை மறவாத ஊர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது.

மாறிய பிள்ளையைத் துரோகி என்றும், மாறாத பிள்ளையை அடிமை என்றும் சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. வீட்டிலே பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், பள்ளிக்கூடம் கெடுத்துவிட்டது என்கிறோம். கேள்வி கேட்கக் கற்பித்த பின், விடையையும் நாமே சொல்லிக்கொடுக்க நினைப்பது பேராசை. வட்டுக்கோட்டை ஆசிரியர்கள் அந்த ஆசையில் தோற்றார்கள். அந்தத் தோல்வியால் தமிழுக்கு வந்த ஆதாயம் கலித்தொகையாகவும் பாவலர் சரித்திர தீபகமாகவும் நம் கையில் இருக்கிறது.